கொல்லிமலை சாரின் பன்னிரண்டு சுவிட்சுகள்

உலகத்திலேயே மிக அதிக வெளிச்சத்தை வைத்துக்கொண்டு மிகக் குறைந்த தூரம் ஓடிய வண்டி எது என்று யாராவது போட்டி வைத்தால், முதல் பரிசு பெருங்களத்தூரில் நாங்கள் குடியிருந்த பழைய தெருவுக்குத்தான் வரும். இரண்டாம் பரிசுக்கு ஆளே இருக்காது. அந்த வண்டி ஒரு ஜீப். அதன் சொந்தக்காரர் எங்கள் எதிர்வீட்டுக் கொல்லிமலை சார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருந்திருக்கும். தபால்காரருக்குத் தெரிந்திருக்கலாம், தெருவில் வேறு யாருக்கும் தெரியாது. கொல்லிமலையில் பிறந்தவரா என்றால் இல்லை, பிறந்தது பல்லாவரம். கொல்லிமலைக்குப் போய் வந்தவரா என்றால் அதுவும் இல்லை. "அடுத்த மாசம் கொல்லிமலை போறோம்" என்று பதினோரு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தவர். அந்தப் பேருக்கு அதைவிட வேறு தகுதி வேண்டுமா என்ன?

குரோம்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் பௌதிக ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. மாணவர்கள் கருக்கித் தள்ளிய மீட்டர்களைச் சரிசெய்து சரிசெய்து, எந்தப் பொருளையும் நாலு ஸ்குரூ கழற்றினால் இன்னும் நன்றாக ஆக்கிவிடலாம் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. அந்த நம்பிக்கையின் பேரில்தான் காடு மேடெல்லாம் ஏறக்கூடிய அந்தப் பழைய ஜீப்பை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்.

வாங்கியது மனைவிக்காக. மனைவி ஸ்டெல்லா டீச்சர், தாம்பரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் எடுப்பவர். நகை கேட்க மாட்டார், புடவை கேட்க மாட்டார். ஒரு மலையைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

"வருஷா வருஷம் மலைப் பிரதேசம்னு போர்டுல முக்கோணம் போட்டுக் காட்டறேன் சார்," என்று என்னிடம் ஒரு முறை சொன்னார். "நான் கிட்டப் போய்ப் பாத்த ஒரே மலை திரிசூலம். அதையும் பாதி உடைச்சு எடுத்துட்டாங்க."

ஜீப் வந்த அன்று டீச்சர் தெரு முழுக்கக் கேக் கொடுத்தார். கொல்லிமலை சார் மாலையில் வண்டியை எடுத்துக்கொண்டு பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் ஒரு சுற்று போய்விட்டு வந்தார். இறங்கியவர் முகம் சரியில்லை. ஹெட்லைட் மெழுகுவத்தி மாதிரி எரிகிறதாம். கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறதாம். இந்த வெளிச்சத்தை நம்பி ஒரு மனிதன் மனைவியைக் கூட்டிக்கொண்டு போக முடியுமா என்று என்னைக் கேட்டார். முடியாது என்று நானும் தலையாட்டித் தொலைத்தேன். அந்தத் தலையாட்டலுக்கு நான் பட்ட பாட்டைத்தான் மேலே சொல்லப் போகிறேன்.

ஹெட்லைட்டை மாற்றினார். பிறகு மலையில் பனி இருக்குமே என்று இரண்டு மஞ்சள் விளக்கு. வளைவில் பக்கவாட்டுப் பள்ளம் தெரிய வேண்டாமா என்று கண்ணாடி ஓரத்தில் இரண்டு. பின்னால் எடுக்கும்போது பாறை தெரிய வேண்டாமா என்று முதுகில் ஒன்று. வண்டியின் வயிற்றுக்கு அடியில் கூட நாலு விளக்கு வைத்தார். அது எதற்கு என்று கேட்டேன். சக்கரம் எந்தக் கல்லின் மேல் நிற்கிறது என்று பார்க்க வேண்டுமாம். கூரையின் மேல் கடைசியாக ஒரு நீளப் பட்டை விளக்கு வந்தது. அதை அரை பெஞ்சு நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வந்த சில்லறை விளக்குகள் தனிக் கணக்கு. வகைக்கு ஒரு சுவிட்சு. ஒவ்வொரு சுவிட்சு வந்தபோதும் கொல்லிமலை ஒரு மாதம் தள்ளிப்போனது.

ஸ்டெல்லா டீச்சர் இரண்டாவது வருஷமே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். மலைக்குக் கிளம்பும் நாளில்தான் அந்த வண்டியில் ஏறுவேன், அதுவரை கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு டீச்சர் ஷேர் ஆட்டோவில் போவார், பின்னாலேயே சார் ஜீப்பில் போவார். ஆராதனை முடிந்து அதே வரிசையில் திரும்பி வருவார்கள். பார்க்கிறவர்களுக்கு ஷேர் ஆட்டோவில் யாரோ மந்திரி போகிறார் போலிருக்கும்.

சர்ச்சிலிருந்து வந்ததும் சார் வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டு, கைலியைக் கட்டிக்கொண்டு ஜீப்புக்கு அடியில் படுத்துவிடுவார். பிறகு இருட்டும் வரை இரண்டு கால்கள்தான் வெளியே தெரியும். தெரு முழுக்க அந்தக் கால்களோடுதான் பேசும். பால் போடுகிறவர், கேஸ் கொண்டு வருகிறவர், வரி வசூலிக்க வந்தவர் எல்லாருக்கும் கால்களே பதில் சொல்லும். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் முகத்தைவிடக் கால் கட்டைவிரல்தான் எனக்கு நல்ல பழக்கம். சந்தோஷமாக இருந்தால் அது மேலும் கீழும் ஆடும். வயர் எங்கேயாவது உரசித் தீப்பொறி வந்தால் அப்படியே விறைத்து நிற்கும்.

கோவளத்திலிருந்து மொபெட்டில் மீன் கொண்டு வரும் தேவகி அக்காவுக்கு மட்டும் அந்தக் கால்களிடம் மரியாதை கிடையாது. கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு நாள் கேட்டார்.

"இன்னா சார், மலை இங்கியே வந்துடும்னு பாத்துகினு கீறியா?"

அடுத்த மாதம் நிச்சயம் என்றன கால்கள்.

"வண்டில இம்மா லைட்டு கீது. வூட்டு வாசல்ல ஒரு பல்பு இல்ல. விடிகாலைல உன் கேட்டாண்ட வந்து தடுக்கினேன், சங்கரா மீனு பூரா ரோட்ல."

கட்டைவிரல் விறைத்தது. அக்கா சொன்னது அப்பட்டமான உண்மை. கேட் விளக்கு ஃப்யூஸ் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. வாசல் விளக்கு மாற்றுவது யார் வேண்டுமானாலும் செய்கிற வேலை, அதில் அவருக்கு ருசி இல்லை.

அந்தக் கேட்டும் அதிக நாள் நிற்கவில்லை. சேற்றில் மாட்டிக்கொண்ட வண்டி, எதிரே இருக்கிற மரத்தில் இரும்புக் கயிற்றைக் கட்டித் தன்னைத்தானே இழுத்துக்கொள்ளுமே, அந்த வின்ச் ஒன்றை முன்னால் பொருத்தினார். பொருத்தினால் சோதித்துப் பார்க்க வேண்டும். மரத்துக்குத் தெருவில் வழியில்லை. கயிற்றைத் தன் வீட்டு கேட் தூணில் கட்டி சுவிட்சை அழுத்தினார். வண்டி கேட்டை நோக்கிப் போயிருக்க வேண்டும். ஆனால் கைப்பிரேக்கை எடுக்க மறந்துவிட்டார். தூணும் கேட்டும் கைகோத்துக்கொண்டு வண்டியை நோக்கி வந்துவிட்டன.

உள்ளே பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த டீச்சர் சிவப்புப் பேனாவோடு வெளியே வந்தார். விழுந்து கிடந்த தூணைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார்.

"கொல்லிமலை இந்தப் பக்கமா வருது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்காதீர்கள். என் கஷ்டம் எனக்கு. அந்த ஜீப்பின் மூக்கு நேராக எங்கள் வீட்டைப் பார்த்துத்தான் நிற்கும். கூரைப் பட்டை விளக்கை முதல் முறை போட்டபோது மாலை ஆறரை. எங்கள் ஹால் சுவரில் மத்தியான வெயில் அடித்தது. வேப்பமரத்தில் அப்போதுதான் அடங்கிய காக்கைகள் திரும்ப எழுந்து கத்தின. தெருக்கோடி அடுக்குமாடியிலிருந்து நாலைந்து பேர் ஷூட்டிங் என்று நினைத்து ஓடி வந்து, ஹீரோ யார் என்று என்னைக் கேட்டார்கள். என் மனைவி மறுநாளே போய் நாடக மேடைக்குப் போடுகிற தடிமனில் ஒரு கரும்பச்சைத் துணி வாங்கி வந்து ஜன்னலுக்குத் திரை தைத்தாள்.

எதிர்வீட்டுக்குப் போய் ஒரு சண்டை போட்டுவிடலாம் என்றுதான் கிளம்பினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, வெளிச்சம் உங்கள் வீட்டுச் சுவரில் எந்த உயரத்தில் விழுந்தது, காலண்டருக்கு மேலா கீழா என்று அத்தனை ஆர்வமாகக் கேட்டார். என்னத்தைச் சொல்ல? காலண்டருக்குக் கீழே என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிறு விளக்கை உயர்த்தி வைத்தார்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். இத்தனை விளக்குகளில் ஒன்றைக்கூட அவர் ரோட்டில் போட்டதில்லை. அவையெல்லாம் காட்டுக்கு, பொது ரோட்டில் எதிரே வருகிறவன் கண்ணைக் கூச வைத்தால் சட்டப்படி தப்பு, கர்த்தருக்கு முன்பாகவும் தப்பு என்பார். அதனால் வண்டி தெருவைத் தாண்டும்போது ஒவ்வொரு விளக்குக்கும் உறை போட்டுக் கட்டிவிடுவார். உறைகள் டீச்சர் தைத்தவை, எங்கள் திரைத்துணியில் மிஞ்சியதை வாங்கி. ஆக அந்த விளக்குகள் பூமியில் பார்த்த ஒரே இடம் எங்கள் ஹால் சுவர்தான்.

இப்படியே இன்னும் பத்து வருஷம் ஓடியிருக்கும். ஆனால் டீச்சருக்கு ஓய்வு வயது வந்துவிட்டது. அந்த மே மாதத்தோடு பள்ளிக்கூடம் முடிகிறது. மலைப் பிரதேசம் பாடம் மூன்றாம் பருவத்தில், பொங்கல் லீவு முடிந்ததும் வருகிறது. கடைசி ஒரு தடவையாவது கண்ணால் பார்த்த மலையைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று அவர் மனதில் விழுந்துவிட்டது. கணவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, எதிரே சாட்சிக்கு என்னையும் உட்கார வைத்து, ஒரே வாக்கியத்தில் சொன்னார்.

"பொங்கல் லீவுக்குள்ள நான் மலையைப் பாக்கணும். இல்லைன்னா காணும் பொங்கல் அன்னைக்குக் கூடுவாஞ்சேரிக்காரர் வந்து வண்டியை எடுத்துட்டுப் போயிடுவார்."

கூடுவாஞ்சேரிக்காரர் என்பவர் தோட்டம் வைத்திருப்பவர், ஜீப்பை ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தவர். டீச்சர் அவரிடம் பேசியே முடித்துவிட்டார் என்று தெரிந்ததும் சாரின் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. அன்றைக்கு அவர் ஜீப்புக்கு அடியில் போகவில்லை. பக்கத்தில் நின்று பானெட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஆனால் இந்த முறை உண்மையாகவே திட்டம் போட்டார். போகிக்கு முந்தின நாள் விடியற்காலை நாலரைக்குக் கிளம்புவது. ஜி.எஸ்.டி. ரோடு காலியாக இருக்கும். எனக்கும் அதில் ஒரு இடம். என் மனைவியும் மகளும் செங்கல்பட்டில் மாமியார் வீட்டுக்கு முன்னாலேயே போய்விட்டார்கள், என்னைப் போகிற வழியில் இறக்கி விடுவதாக ஏற்பாடு. மின்சார ரயிலில் போனால் ஒரு மணி நேரத்தில் செங்கல்பட்டு. இருந்தாலும் பதினோரு வருஷம் அந்த வண்டி நகரும் என்று காத்திருந்தவன் நான், விட்டுவிடுவேனா?

நாலரைக்குப் பையோடு போய் நின்றேன். டீச்சர் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு, மடியில் எலுமிச்சை சாதப் பொட்டலத்தோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். ஜீப்புக்கு அடியில் இரண்டு கால்கள் தெரிந்தன.

கூரை விளக்குக்கு ஒரு ரிலே வர வேண்டுமாம். அதாவது விளக்குக்குப் போகும் கரண்டைத் தாங்கிக்கொள்ளும் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி, தீப்பெட்டி அளவு. பழையது சூடாகிறது, புதியது பார்சலில் வருகிறது, காலை ஒன்பதுக்கு வந்துவிடும் என்றார். ஒன்பது பதினொன்று ஆனது, பதினொன்று ஒன்றரை ஆனது. டீச்சர் சாதப் பொட்டலத்தை மடியிலிருந்து இறக்கவே இல்லை. பார்சல் இரண்டு மணிக்கு வந்தது. பொருத்தி முடித்தபோது மணி நாலு.

போகிக்கு முந்தின நாள் சாயங்காலம் நாலு மணிக்குப் பெருங்களத்தூர்க்காரன் கொத்தமல்லி வாங்கக்கூட ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் போக மாட்டான். கிளாம்பாக்கத்தில் பஸ் ஸ்டாண்டு வருவதற்கு முந்தைய காலம் அது. தெற்கே போகிற அத்தனை பஸ்ஸும் பெருங்களத்தூரில் நின்று ஆள் ஏற்றும். மேம்பால வேலைக்காகப் பாதி ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மிச்சப் பாதியில் சென்னை முழுவதும் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது. பதினோரு வருஷம் நாள் பார்த்த மனிதர், அந்தக் கூட்டத்துக்குள் கொண்டுபோய் ஜீப்பை நுழைத்தார்.

அந்தச் சபதத்துக்குப் பிறகு டீச்சர் அன்றைக்குத்தான் முதல் முறையாக வண்டியில் ஏறினார். முன்சீட்டில் அவர், பின்னால் ஸ்டவ், மண்வெட்டி, தண்ணீர் கேன், கயிறு, கோடாரி இவற்றோடு ஒரு சாமானாக நான். ஒரு மணி நேரத்தில் சிக்னலைத் தாண்டினோம். எலுமிச்சை சாதம் தீர்ந்தது. கடலை மிட்டாய் தீர்ந்தது. பேச்சும் தீர்ந்தது. வேறு வேலையில்லாமல் டீச்சர் எதிரே இருந்த சுவிட்சுகளைப் பார்க்க ஆரம்பித்தார்.

பன்னிரண்டு சுவிட்சுக்கும் கீழே மருந்துக்கடை பிளாஸ்திரியை ஒட்டி, ஆய்வகக் கையெழுத்தில் ஒவ்வொரு ஊர்ப் பேர் எழுதியிருந்தார் சார். கொல்லிமலை, ஏலகிரி, ஜவ்வாது, வால்பாறை, மேகமலை என்று போய் லடாக்கில் முடியும். எந்த ஊருக்காக வாங்கிய விளக்கோ அந்த ஊர்ப் பேர். நான் அதை நூறு முறை பார்த்திருக்கிறேன். டீச்சர் அப்போதுதான் பார்க்கிறார்.

"ஏலகிரி நாம எப்பப் பேசினோம்?" என்று கேட்டார்.

"உங்க ஸ்கூல்ல டூர் போனாங்களே. உனக்குக் காய்ச்சல்னு போக முடியல. அழுத. அன்னைக்கு வாங்கினது அந்த மஞ்சள் லைட்."

"மேகமலை?"

"காலண்டர்ல படம் பாத்து நல்லாருக்குனு சொன்ன. டிசம்பர் மாசப் படம்."

"லடாக் நான் கேக்கவே இல்லையே."

"கேட்ட. 'ஆமா, என்னை லடாக்குக்கே கூட்டிட்டுப் போயிடுவீங்க'னு கோவமா சொன்ன. சரி, ஆசைப்படறன்னு எழுதி வச்சுக்கிட்டேன்."

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பன்னிரண்டும் அவர் வாயிலிருந்து எப்போதோ விழுந்த ஊர்கள். நான் மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டலூர் மிருகக்காட்சி சாலைச் சுவர் ஓரம் வரும்போது நன்றாக இருட்டிவிட்டது. மூன்று கிலோமீட்டர் வந்திருந்தோம். இடதுபுறம் ஒரு ராசிபுரம் பஸ் ஒருக்களித்து நின்றது. பின் டயர் பஞ்சர். இறக்கிவிடப்பட்ட பயணிகள் மூட்டை முடிச்சோடு ஓரத்தில் நின்றார்கள். டிரைவர் மாற்று டயரை மாட்டும்போது இரண்டு நட்டு கைதவறிப் புல்லுக்குள் உருண்டுவிட்டது. கண்டக்டர் செல்போன் வெளிச்சத்தில் முழங்கால் போட்டுத் தேடிக்கொண்டிருந்தார், அந்தப் போனிலும் சார்ஜ் இல்லை. ஒன்றரை மணி நேரமாக இதே கதையாம். சில பேர் அலுத்துப்போய் வேறு பஸ் பிடித்துப் போய்விட்டார்கள்.

சார் ஜீப்பை ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். டார்ச் இருக்கிறதா என்று கண்டக்டர் கேட்டார். பன்னிரண்டு வகை விளக்கு வைத்திருந்த மனிதரிடம் கையில் பிடிக்கிற டார்ச் ஒன்று இல்லை. ஜீப் புல்லைப் பார்த்துத்தான் நிற்கிறது, கூரை விளக்கைப் போடுங்கள் என்றேன். மனிதர் தவித்தார். இது காடு இல்லையே, ஜி.எஸ்.டி. ரோடாச்சே என்றார்.

டீச்சர் இறங்கி, தான் தைத்த உறையைத் தானே அவிழ்த்தார். திரும்பி வந்து, கொல்லிமலை என்று எழுதியிருந்த சுவிட்சைப் போட்டார்.

அடேயப்பா. எங்கள் ஹால் சுவருக்கு அடித்தபோதே எனக்கு அதன் பலம் தெரியும், ஆனாலும் திறந்தவெளியில் அது வேறு சமாசாரம். புல்லில் ஊர்ந்த எறும்பு தெரிந்தது. சுவருக்கு உள்ளே ஒரு மயில் பொழுது விடிந்துவிட்டது என்று அகவியது. இரண்டு நட்டும் இரண்டே நிமிஷத்தில் கிடைத்தன. டிரைவர் டயரை மாட்டி முடிக்கும் வரை விளக்கு எரிந்தது. கொல்லிமலை சார் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வெளிச்சத்தையே பார்த்தபடி நின்றார். செருப்புக்குள் கட்டைவிரல் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது.

பஸ் பயணிகளில் ஒரு அம்மா டீச்சரிடம் பேச்சுக் கொடுத்தார். குரோம்பேட்டையில் ஒரு மெஸ்ஸில் சமைக்கிறவர், பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர். நாங்கள் எங்கே போகிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கொல்லிமலைக்குங்களா? அது எங்க ஊருங்க. அதுக்கு எதுக்குங்க இத்தனை லைட்டு? எங்க மலை பஸ்ஸு ரெண்டே லைட்டுல ஏறுதுங்க. அதுலயும் ஒண்ணு எரியாதுங்க."

எழுபது வளைவும் ஒற்றை விளக்கில். சார் அந்த அம்மாவைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். ஆய்வகத்தில் இத்தனை வருஷமாக எடுத்த அளவெல்லாம் தப்பு என்று யாரோ வந்து சொன்ன மாதிரி நின்றார். பிறகு போய் ஜீப்பில் ஏறிச் சாவியைத் திருப்பினார். வண்டி ஒரு தரம் முனகியது, அடங்கிவிட்டது. அரை மணி நேரம் இன்ஜினை அணைத்துவிட்டு அந்த விளக்கை எரித்ததில் பேட்டரி காலி. தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம் என்றால் அந்த நெரிசலில் நாலடி இடம் கிடையாது.

பஸ் டிரைவர் ஹாரன் அடித்துப் பயணிகளை ஏறச் சொன்னார். கண்டக்டர் எங்களைப் பார்த்து, பின்னால் ஏழெட்டு சீட்டு காலியாகத்தான் இருக்கிறது, ராசிபுரத்தில் இறங்கினால் மலை பஸ் கிடைக்கும், மலைக்குப் போகிறவர்கள் வரலாம் என்றார். டீச்சர் பஸ்ஸைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார். கணவரைப் பார்க்கவில்லை.

கொல்லிமலை சார் வாயைத் திறந்தார். என்ன சொல்லப் போகிறார் என்று எனக்கும் தெரியும், டீச்சருக்கும் தெரியும். இன்னும் ஒரு மணி நேரம், நெரிசல் குறையட்டும், தள்ளினால் ஸ்டார்ட் ஆகிவிடும், அடுத்த வாரம், அடுத்த மாதம். பதினோரு வருஷப் பாட்டு. ஆனால் அவர் அதைச் சொல்லவில்லை. முன்சீட்டிலிருந்து டீச்சரின் பையை எடுத்துக்கொண்டுபோய் பஸ் படிக்கட்டில் வைத்தார்.

"ஏறு ஸ்டெல்லா. வண்டி போனாப் போகட்டும். நீ மலையைப் பாரு, பாடம் இருக்குல்ல."

"நீங்க?"

"வண்டியை இப்படி நடுரோட்டுல விட்டுட்டு நான் எப்படி வர்றது?"

"நீங்க இல்லாம எனக்கு என்னத்துக்கு மலை?" என்றார் டீச்சர். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

என் கை தானாக நீண்டது. அதை நான் நீட்டவில்லை, வேண்டுமானால் என் மனைவியிடம் கேட்டுப் பாருங்கள், எனக்கு அவ்வளவு நல்ல குணம் கிடையாது. சாவியைக் கொடுக்கும்போது அவர் பஸ் படியில் நின்றுகொண்டு, எதைத் தொட்டாலும் லடாக்கை மட்டும் தொடாதீர்கள் என்று கத்திச் சொன்னார். பஸ் போய்விட்டது.

செங்கல்பட்டுக்குப் போக வேண்டிய நான் மண்வெட்டியோடும் கோடாரியோடும் ஒன்பதரை வரை அங்கே உட்கார்ந்திருந்தேன். நெரிசல் விட்டதும் டீக்கடை ஆட்கள் நாலு பேர் தள்ள, வண்டி உறுமியது. வீட்டுக்குத் திருப்பினேன். இருட்டில் ஹெட்லைட் எதுவென்று தெரியாமல் லடாக்கைத்தான் தொட்டேன். வண்டியின் வயிற்றுக்கு அடியில் நாலு விளக்கும் நீல நிறத்தில் எரிந்தன, மறுபடி தட்டினால் அணையவில்லை. பெருங்களத்தூரில் போக்குவரத்துக் காவலர் நிறுத்திச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, எந்தக் கோயில் தேர் என்று கேட்டார். என் வண்டி இல்லை என்று சொன்னேன். அது இன்னும் பேஜாராகிவிட்டது.

பொங்கலன்று காலை மாமியார் வீட்டில் இருக்கும்போது போன் வந்தது. மலைமேல் இருக்கிற செம்மேட்டிலிருந்து கொல்லிமலை சார். அருவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, குளிரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த அம்மா சொன்னது சரிதான், மலை பஸ்ஸில் ஒரு விளக்குதான் எரிகிறது, அதுவும் இடது பக்கம் என்றார். பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்தீர்களா என்று கேட்டார். அதற்குள் டீச்சர் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"சார், மலை முக்கோணமாவே இல்ல சார். நான் இத்தனை வருஷமா தப்பா போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்."

சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பொங்கல் பொங்கிய புகை என்று மாமியாரிடம் சொன்னேன்.

காணும் பொங்கலன்று அவர்கள் வந்து சேர்ந்தபோது, கூடுவாஞ்சேரிக்காரர் முன்னாலேயே வந்து ஜீப்பில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மலைக்குப் போனது பஸ்ஸில்தானே, ஜீப் தோற்றதாகத்தான் கணக்கு என்று கொல்லிமலை சாரே ஒப்புக்கொண்டுவிட்டார். சாவிக்காக என்னிடம் கையை நீட்டினார். டீச்சர் குறுக்கே வந்து சாவியை வாங்கிக்கொண்டார். வந்தவரிடம் வண்டி விற்பதற்கில்லை என்றார். ஏன் என்று அவர் கேட்டதற்கு டீச்சர் சுவிட்சுகளைக் காட்டினார்.

"போர்டுல எழுதின பாடத்தை முடிக்காம அழிக்கிற பழக்கம் எனக்கு இல்லீங்க. இன்னும் பதினொண்ணு இருக்கு."

கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். கொல்லிமலை என்ற பிளாஸ்திரிக்குப் பக்கத்தில், நூற்றுக்கு நூறு வாங்கிய பையனுக்குப் போடுவது மாதிரி ஒரு டிக் போட்டார்.

அதற்குப் பிறகு அவர்கள் ஏலகிரி போனார்கள், ஜவ்வாது போனார்கள், போன வருஷம் மேகமலை. எல்லாம் பஸ்ஸில்தான். ஆனால் ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் சார் ஜீப்பில் அந்த ஊர் விளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டுத்தான் பஸ் ஏறுவார். அது இல்லாமல் அவருக்குப் பயணம் போகிற மாதிரியே இருக்காதாம். திரும்பி வந்ததும் டீச்சர் டிக் போடுவார்.

நாங்கள் இப்போது மறைமலை நகருக்கு வந்துவிட்டோம். கிரகப்பிரவேசத்தன்று, பட்டப்பகலில், உறையெல்லாம் கட்டிக்கொண்டு அந்த ஜீப் எங்கள் புது வாசலில் வந்து நின்றது. முன்சீட்டில் டீச்சர். எட்டிப் பார்த்தேன். பதின்மூன்றாவதாக ஒரு சுவிட்சு இருந்தது, கீழே மறைமலை நகர் என்று பிளாஸ்திரி, பக்கத்தில் ஈரம் காயாத சிவப்பு டிக். அந்த வண்டி தன் காலால் போய்ச் சேர்ந்த ஒரே ஊர் எங்கள் வீடுதான். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சாரைக் காணோம். வெளியே போய்ப் பார்த்தால் ஸ்டூல் போட்டு ஏறி, எங்கள் கேட்டில் ஒரு பல்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

அவர் வீட்டு கேட்டில் இன்னும் பல்பு இல்லை என்று தேவகி அக்கா போனில் புகார் சொல்கிறார். எங்கள் கேட்டில் தினமும் ஆறரை மணிக்கு எரிகிறது. அந்த சுவிட்சை மட்டும் நான் வீட்டில் வேறு யாரையும் போட விடுவதில்லை.